ஆறிய புண்

'அதைச் செய்தவன் நான் அல்ல' என்று ஒருவன் எத்தனை வருஷங்களுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்? சட்டத்துக்கு இதில் சங்கடம் இல்லை. ஒரு புரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடுகிறது. ஆனால் புரோநோட்டு எழுதிக்கொள்ளாத கடன்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை, விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்துத் தீர்த்துவிட்டதாக நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தச் சாட்சி எப்படி எனக்கெதிராகத் திரும்பிற்று என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் விஷயம். 1987ல் நான் சென்னையில் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கென்று வீட்டில் சேர்த்திருந்த பணம், ஏற்பாடுகளைச் செய்யச் சொல்லி என்னிடம் தரப்பட்டது. அதை நான் வேறொன்றுக்குச் செலவழித்தேன். எதற்கு என்று சொன்னால் அது வக்காலத்தாகிவிடும், விட்டுவிடுகிறேன். அப்பாவிடம், 'புரை இன்னும் முற்ற வேண்டும் என்கிறார் டாக்டர்' என்றேன். முற்றிய பிறகே அறுப்பது அக்காலத்தில் வழக்கமாயிருந்ததால் அவர் நம்பினார். ஒன்றரை வருஷத்துக்குள் புரை முற்றிக் கசிந்து, கண்ணில் அழுத்தம் ஏறி, வலது கண் போயிற்று. அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் கேட்டார், ஒரே ஒரு முறை. என்னிடம் பதில் இல்லை.

அந்த நாட்களில்தான் ருடால்ஃப் ஷோன்ஹைமரைப் படித்தேன். பெர்லினில் பிறந்த யூதர். 1933ல் ஜெர்மனியை விட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அவருக்கு முன்னால் சரீரத்தை ஒரு எஞ்சினாகப் பார்ப்பது வழக்கம். எஞ்சின் நிலையானது, சாப்பாடு அதில் எரியும் விறகு, தேய்மானத்துக்கு மட்டும் அவ்வப்போது கொஞ்சம் பழுதுபார்ப்பு. ஓட்டோ ஃபோலின் 1905ல் சிறுநீரை அளந்து இந்தப் பார்வைக்கு ஒரு கோட்பாடே செய்து கொடுத்திருந்தார்: உணவிலிருந்து வரும் கழிவு ஒன்று, உடம்பின் தேய்மானத்திலிருந்து வரும் கழிவு வேறொன்று.

ஷோன்ஹைமர், சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான நைட்ரஜன்-15ஐ லூசின் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றி, வளர்ந்து முடிந்த, எடை மாறாத எலிகளுக்கு மூன்று நாள் கொடுத்தார். விறகுக் கணக்குப்படி அந்த நைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரில் வெளிவந்திருக்க வேண்டும். வந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதிக்கும் மேல் எலிகளின் ஈரலிலும் குடலிலும் தசையிலும் புரதமாகப் போய் உட்கார்ந்திருந்தது. லூசினில் வைத்த நைட்ரஜன் வேறு அமினோ அமிலங்களுக்குக்கூடக் கைமாறியிருந்தது. எலிகளின் எடையோ கூடவில்லை. அப்படியானால், நுழைந்த அளவுக்கு ஏற்கெனவே இருந்தது வெளியேறியிருக்கிறது. விறகென்று நினைத்தது எஞ்சினின் சுவராகவும், சுவரென்று நினைத்தது விறகாகவும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கின்றன. ஷோன்ஹைமர் 1941ல் தற்கொலை செய்துகொண்டார். சரீரத்தின் பொருள்கள் ஸ்திரமானவை அல்ல, இயங்குநிலையில் இருப்பவை என்பதைத் தலைப்பிலேயே சொன்ன அவருடைய சிறிய புத்தகம் மறுவருஷம் வெளிவந்தது.

பின்னால் வந்த கணக்குகள் இன்னும் விரிவானவை. வளர்ந்த மனிதன் ஒருவன் நாளொன்றுக்குச் சுமார் 250 முதல் 300 கிராம் புரதத்தைப் புதிதாகக் கட்டுகிறான். ஏறக்குறைய அதே அளவை இடிக்கிறான். அவன் சாப்பிடும் புரதம் இதில் கால்பங்கு போல. மீதியெல்லாம் இடித்த கல்லையே எடுத்துக் கட்டுவது. ஈரலின் சில என்சைம்கள் அரைமணி நேரம்கூடத் தாங்குவதில்லை. ரத்தச் சிவப்பணுவோடு ஹீமோகுளோபினுக்கு ஆயுள் 120 நாள்.

இருபத்துநாலு வயசுக்காரனுக்கு இது எவ்வளவு வசதியான செய்தி என்று பாருங்கள். அப்பாவிடம் பொய் சொன்ன நாக்கின் தசையில், பணத்தை எண்ணிய விரலின் தசையில், அன்றிருந்த அமினோ அமிலங்கள் எப்போதோ போய்விட்டன. ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது, குடியிருந்தவர்கள் இல்லை. யாரைக் கூண்டில் ஏற்றுவது? இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதன் ஆபாசம் எனக்கே தெரிந்திருக்கும். சொல்லாமல் உள்ளே வைத்திருந்ததால் அது ஒரு தத்துவம்போல் இருந்தது.

இந்தத் தத்துவத்தில் முதல் ஓட்டை, அது பொருளையும் ஆளையும் ஒன்றாக்கிவிட்டது என்பது. மூளை நரம்பணுக்களில் பெரும்பாலானவை நம் ஆயுள் முழுவதும் நம்மோடு இருப்பவை. ஆனால் அவற்றுக்குள் இருக்கும் புரதங்களில் பெரும்பகுதி நாள்களிலும் வாரங்களிலும் மாறிப்போகிறது. அப்படியானால் சிறுவயசு ஞாபகம் எதில் தங்கியிருக்கிறது? ஃபிரான்சிஸ் கிரிக் 1984ல் ஒரு சிறு கட்டுரையில் இதைத்தான் கேட்டார். மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக மாற்றப்படும்போது, மாறாமல் நிற்கும் பக்கத்து மூலக்கூறு புதிதாக வருவதற்குப் பழையதன் நிலையைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது அவர் ஊகம். ஊகம் எப்படியானாலும் கேள்வி நிற்கிறது. அப்பாவின் வலது கண் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதிலேயே, பொருள் போனாலும் போகாதது ஒன்று உண்டென்பது நிரூபணமாகிவிடுகிறது. பொருளோடு குற்றமும் கழிந்தது என்று வாதாடுகிறவன், அதே பொருளோடு ஞாபகம் ஏன் கழியவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, எல்லாப் பொருளும் மாறிவிடுவதில்லை. கண்ணின் லென்ஸ் விதிவிலக்கு. அதன் நடுப்பகுதியில் உள்ள கிரிஸ்டலின் புரதங்கள் தாயின் வயிற்றிலும் பிறந்த முதல் வருஷங்களிலும் கட்டப்பட்டவை. அதன்பின் அந்த அணுக்கள் தங்கள் உட்கருவையே இழந்து, கண்ணாடிபோல் தெளிந்து, கட்டவும் இடிக்கவும் திராணியற்றுப் போகின்றன. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன்-14 ஏறக்குறைய இருமடங்காயிற்று. பிறகு மெல்லக் குறைந்துவந்தது. டென்மார்க்கில் சிலர் இறந்தவர்களின் லென்ஸ்களில் இந்தக் கார்பனை அளந்து 2008ல் வெளியிட்டார்கள். லென்ஸின் நடுவில் இருந்தது அவரவர் பிறந்த காலத்துக் காற்றின் கார்பன். நான் பிறந்தது 1963ன் இறுதியில். என் கண்ணின் மையத்தில், ஒருநாளும் நான் பார்த்திராத வெடிப்புகளின் கார்பன் இன்னும் இருக்கிறது. 1987ல் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்ட கண்ணும் இதே லென்ஸை உடையதுதான்.

ஆனால் மாறாமல் இருப்பது கெடாமல் இருப்பதல்ல. உயிர் தன் புரதங்களை இடதுகை அமினோ அமிலங்களால் மட்டுமே கட்டுகிறது. கட்டியதைத் தொடாமல் விட்டுவைத்தால் அவற்றில் சில தாமாகவே மெல்ல வலதுகை வடிவத்துக்குப் புரள்கின்றன. பல்லில் அஸ்பார்டிக் அமிலம் இப்படி வருஷத்துக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு புரள்வதை 1975ல் ஹெல்ஃப்மனும் பாடாவும் அளந்தார்கள். அதைக்கொண்டு ஒரு பல்லுக்குரியவனின் வயசைச் சொல்லலாம். லென்ஸிலும் இதுவும் இதுபோன்ற பிற சேதங்களும் நடக்கின்றன. இடிக்க ஆள் இல்லாததால் சிதைந்தவை ஒன்றோடொன்று ஒட்டி ஒளியை மறைக்கின்றன. அதற்குப் பெயர்தான் புரை. மற்ற அணுக்களிலோ, கெட்ட புரதத்தின் மேல் யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் முத்திரையாகக் குத்தப்பட்டு, அது உடைக்க அனுப்பப்படுகிறது. இதைக் கண்ட சியெஹனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004ல் நோபல் பரிசு கிடைத்தது. விசேஷம் என்னவென்றால், கட்டுவதற்கு மட்டுமல்ல, இந்த உடைப்புக்கும் அணு சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது. 1953லேயே சிம்ப்ஸன் இதைக் கவனித்திருந்தார். எதுவும் சும்மா கழிந்துபோவதில்லை. கழிப்பதற்கும் உழைக்க வேண்டும்.

இங்கே நான் நின்றாக வேண்டும். விஞ்ஞானத்திலிருந்து நீதியைப் பிழிந்தெடுக்கும் உபந்யாசங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. புரதத்துக்கு மனசாட்சி கிடையாது. லென்ஸ் மங்குவது எந்தப் பாவத்துக்கும் சம்பளமல்ல; என் அப்பா ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவர், அவருக்கும் மங்கிற்று. ஒரு சாக்கைப் பறித்துக்கொள்வது மட்டுமே இந்தச் செய்திகளால் ஆகக்கூடியது. அவ்வளவோடு நான் நிறுத்தியிருப்பேன். ஆனால் சென்ற வருஷம் ஒன்று நடந்தது.

அண்ணன் பெண்ணின் கல்யாணம். அப்பா 1996லேயே இறந்துவிட்டார். இந்த முப்பது வருஷத்தில் அண்ணன் பழைய விஷயத்தை எடுத்ததில்லை. ஒருமுறை நானே தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது, 'அதெல்லாம் ஆறிப்போச்சுடா' என்றார். மண்டபத்தில் மொய்ப்பணம் வைத்திருந்த பையை யாரோ என்னிடம் நீட்டினார்கள். பத்துப்பேர் நடுவில் அண்ணனின் குரல்: 'அவங்கிட்டப் பணத்தைக் குடுக்காதீங்க.' சொன்ன வேகத்தில் அவரே திடுக்கிட்டுப் போனார். நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ஆறிப்போயிற்று என்று சொன்னது பொய்யா? மன்னித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒருவருக்கு என்ன உரிமை?

இதற்கான பதில் எனக்கு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1740ல் இங்கிலாந்திலிருந்து ஆன்சன் தலைமையில் கிளம்பிய கப்பல்கள் கேப் ஹார்னைச் சுற்றும்போது மாலுமிகள் ஸ்கர்வி நோயால் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். 1748ல் வெளியான அப்பயணத்தின் விவரத்தில், கப்பலின் பாதிரியார் ரிச்சர்ட் வால்டரின் பெயரில், ஒரு கிழவனைப் பற்றிய குறிப்பு வருகிறது. அவன் ஐம்பது வருஷங்களுக்கு முன், 1690ல், அயர்லாந்தின் பாய்ன் போரில் காயம்பட்டவன். காயங்கள் சீக்கிரமே ஆறி, பல வருஷம் சௌக்கியமாக இருந்தவன். ஸ்கர்வி முற்றியபோது அந்தக் காயங்கள், ஒருநாளும் ஆறாதவைபோல், மறுபடி வாய்பிளந்தன.

வால்டர் காலத்தில் இது ஒரு விசித்திரம். இன்று காரணம் தெரியும். தழும்பு கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு அது. அந்த மூவிழை அமைப்பை 1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முதலில் முன்வைத்தார்கள். இழைகளில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு முடிச்சு ஏற்றப்படாவிட்டால், உடம்பின் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். அதை ஏற்றும் என்சைம் வேலைசெய்ய வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சியை மனித சரீரம் தானாகச் செய்துகொள்ளாது. வெளியிலிருந்து வந்தாக வேண்டும். பழைய தழும்பிலும் கொலாஜன் அழிந்துகொண்டும் கட்டப்பட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. கட்டுவது நின்றால், அழிவது மட்டும் மிஞ்சும். ஐம்பது வருஷத்துப் புண் திறந்துகொள்ளும்.

அந்தக் கிழவனின் காயம் ஆறியது பொய்யல்ல. ஆனால் அது 1690ல் ஆறி முடிந்துவிட்ட காயமுமல்ல. ஐம்பது வருஷமும் தினந்தோறும் ஆற்றப்பட்டுக்கொண்டிருந்த காயம். நான் அண்ணனின் மன்னிப்பைப் பட்டாப்போட்ட நிலம்போல் கையில் வைத்திருந்தேன். கொடுத்தாயிற்று, இனி அது என்னுடையது. அவருக்குள் அது ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்பட வேண்டியிருந்தது என்றோ, அதற்கு வேண்டிய ஒன்று அவரிடமே ஊறாது, என்னிடமிருந்து போக வேண்டும் என்றோ எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருஷத்தில் நான் அனுப்பியது என்ன? பொங்கலுக்குப் பொங்கல் ஒரு ஃபோன். எனக்குத்தான் எல்லாம் மாறிவிட்டதே, நான் வேறு ஆளாயிற்றே. அந்தத் தத்துவம் எனக்குச் செய்த உண்மையான கெடுதல் இதுதான். குற்றத்திலிருந்து என்னை விடுவிக்கவில்லை. குற்றத்தின் பின்னால் வரவேண்டிய வேலையிலிருந்து விடுவித்துவிட்டது.

ஷோன்ஹைமரின் எலிகளை நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். எதுவும் நிலைப்பதில்லை என்பது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. நிலைப்பதெல்லாம் மறுபடி மறுபடி செய்யப்படுவதால் நிலைக்கிறது என்பது விட்டுப்போயிற்று. முதல் வாக்கியத்தின் மேல் ஒருவன் தப்பித்துப் போகலாம். இரண்டாவதன் மேல் அவன் இருந்து வேலை செய்துதான் தீர வேண்டும். உவமைக்கு இங்கும் ஒரு எல்லை உண்டு: கொலாஜன் தன் வேலையை மறக்க முடியாது, நான் மறந்தேன். சரீரம் செய்வது செயல் அல்ல, நிகழ்ச்சி. மனிதர்களுக்கிடையில் அது நிகழ்வதில்லை, செய்ய வேண்டியிருக்கிறது.

எனக்கும் இப்போது இரண்டு கண்களிலும் புரை. முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்கிறார்கள். அடுத்த மாதம் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் வில்லையை வைப்பார்கள். இருபது நிமிஷ வேலை. 1987ல் அந்த அறையில் இருந்தவனுடைய பொருளில் மாறாமல் எஞ்சியவற்றில், பல்லைப்போல், இதுவும் ஒன்று, அது போகப்போகிறது. இது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் போயிருந்தேன். அந்தப் பணம் எதற்குச் செலவாயிற்று என்பதை, வக்காலத்தில்லாமல், முதல் முறையாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஆபரேஷன் தேதியைக் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் போக வேண்டும்.