திரும்பி வரும் நாள்

தென் ஆஸ்திரேலிய மாநிலத்தில், அடிலெய்டு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஏரி உண்டு. நிலப்படம்தான் அதனை ஏரி என்கிறது. நேரில் செல்பவருக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் கண்ணெட்டும் தூரம் வரை உப்புத்தரையே தென்படும். 1840-இல் அப்பகுதியை எட்டிய எட்வர்டு ஜான் ஏர் என்பவரின் பெயரால் ஐரோப்பியர் அதனை ஏர் ஏரி என்றனர். அம்மண்ணின் மக்களாகிய அரபானா இனத்தார்க்கோ அது என்றும் காட்டி தண்டா. 2012 முதல் இரு பெயர்களும் இணைந்தே அதன் அதிகாரமுறைப் பெயராக வழங்குகின்றன.

ஏரியின் ஆழமான பகுதி கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே உள்ளது. ஆண்டு முழுதும் அங்குப் பெய்யும் மழை மிகக் குறைவு. ஆகவே அது நிரம்ப வேண்டுமாயின், தொலைவிலுள்ள குயின்ஸ்லாந்தில் கொட்டிய மழை, டயமண்டினா, கூப்பர் முதலிய ஓடைகளின் வழியே பல வாரங்கள் ஊர்ந்து வந்து சேர வேண்டும். 1974-இல் பெருவெள்ளமாக நிரம்பிற்று. 2025-இலும் வெள்ளம் வந்தது. நீர் வந்துவிட்டால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து கூழைக்கடாக்கள் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றன. அக்காட்சியைக் காணவும், அங்கே கூடாரமடித்து விண்மீன்களின் கீழ் இரண்டு இரவுகள் தங்கவும் மக்கள் ஆசைப்படுவதில் வியப்பில்லை.

நம் பங்கிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய இளங்குடும்பத்தார் அத்தகைய பயணம் ஒன்றுக்குத் திட்டமிட்டுத் தம் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தனர். ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் நீர், இரண்டு மாற்று டயர்கள், மணலில் இறங்குமுன் டயரின் காற்றைக் குறைக்கவும் பின்னர் நிரப்பவும் கருவிகள், மண்வெட்டி, செயற்கைக்கோள் தொலைபேசி, ஆபத்தில் அழுத்தினால் கான்பெராவிலுள்ள மீட்பு மையத்துக்குச் செய்தி எட்டும் இடங்காட்டிக் கருவி, பூங்காவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு. கடிதத்தின் இறுதியில், "சாமி, இவ்வளவு பட்டியல் போடுவது நம்பிக்கைக் குறைவாகுமா?" என்றொரு கேள்வி.

இதற்கு விடை கூற நெடுநேரம் தேவையில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் முன்மதி என்னும் நற்பண்பைப் பகுத்தாராயும்போது, வருவதை முன்னறிந்து ஏற்பாடு செய்தலையே அதன் தலையாய கூறாகக் கொள்கிறார். நினைவாற்றலும், பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவும், சூழ்நிலையை நோக்குதலும், எச்சரிக்கையும் அதனுடன் சேர்கின்றன. எனவே பட்டியல் போடுதல் அறத்தின் பாற்பட்டதே. ஆயினும் அக்குடும்பத்தார் கேளாத வேறொரு கேள்வி என்னை உறுத்தியது.

1998 டிசம்பரில், கடுங்கோடையில், ஆஸ்திரிய நாட்டு இணையர் இருவர் இவ்வேரியின் ஹாலிகன் குடாக்கரைக்கு வண்டியில் சென்றனர். வண்டி மணலில் புதைந்தது. அவ்விடத்தில் நிழலும் இருந்தது. தொட்டியில் நீரும் இருந்தது. சில நாள்கள் காத்திருந்தனர். ஒருவரும் வரவில்லை. பிறகு, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அப்பாலுள்ள வில்லியம் கிரீக் என்னும் சிற்றூரை நோக்கி நடக்கத் தொடங்கினர். ஆடவர் பாதியில் வண்டிக்குத் திரும்பிப் பிழைத்தார். அப்பெண்மணியோ நடையைத் தொடர்ந்து வழியிலேயே மாண்டார். டயரின் காற்றைக் குறைத்ததும் அந்த வண்டி மணலிலிருந்து வெளிவந்தது என்பது கேட்போர் நெஞ்சைப் பிழியும் செய்தி.

"வண்டியை விட்டு அகலாதே" என்பது அப்பாலைநிலத்தில் சிறு பிள்ளையும் அறிந்த விதி. ஆனால் அறிந்திருப்பது வேறு, நான்காம் நாள் நண்பகலில் அதைக் கடைப்பிடிப்பது வேறு. அவ்வேளையில் சும்மா இருத்தல் கோழைத்தனமாகவும், எழுந்து நடத்தல் வீரமாகவும் தோன்றும். வீட்டில் நிழலில் அமர்ந்து முடிவெடுத்தவனுக்கு அவ்விடத்து நிலவரம் தெரியாது. களத்தில் நிற்பவனுக்குத் தெரியும். அப்படியிருக்க, அறியாதவனின் முடிவுக்கு அறிந்தவன் ஏன் பணிய வேண்டும்? இருவரும் ஒரே ஆள் என்பதால் மட்டும் இக்கேள்வி எளிதாகிவிடாது.

முன்னவனுக்கு அறிவு குறைவு, உரிமை மிகுதி என்பேன். தாகமோ அச்சமோ அவனை நெருக்கவில்லை. பின்னவன் கண்ணால் காண்கிறான். ஆனால் காண்பதை எடைபோடும் தராசே வெயிலில் வளைந்துவிட்டது. ஆகவே புதிய உண்மை ஒன்று தெரியவந்தால் முடிவை மாற்றுவது தகும். காத்திருந்து சலித்ததால் மாற்றுவது தகாது. சொல்வது எளிது என்பதை நானும் அறிவேன். நான்கு நாள்களாக ஒருவரும் வராதபோது, இனியும் ஒருவரும் வரமாட்டார் என்னும் எண்ணம் புதிய உண்மையின் வேடத்திலேயே வந்து நிற்கும். அந்த வேடத்தைக் கலைக்க வல்லது ஒன்றே: இன்ன நாளில் நான் திரும்பாவிடில் இன்னார் தேடத் தொடங்குவார் என்னும் உறுதி. அஃதில்லையேல் "அகலாதே" என்னும் விதிக்குக் கால் இல்லை.

தேடுவதாக ஒப்புக்கொண்டவரின் கடமை எத்தகையது என்பதற்கு, அதே ஏரியில் சென்று சேரும் கூப்பர் ஓடையின் கரையில் 1861-இல் நிகழ்ந்ததைக் காட்டலாம். பர்க், வில்ஸ் இருவரும் தோழர் இருவருடன் கண்டத்தின் வடகரையை நோக்கிச் செல்லுமுன், பிராகி என்பவரின் பொறுப்பில் ஓடைக்கரையில் ஒரு பாசறையை விட்டுச் சென்றனர். மூன்று மாதம் காத்திருக்குமாறு பர்க் பணித்தார். நான்கு மாதம் காக்குமாறு வில்ஸ் வேண்டினார். பிராகி நான்கு மாதத்துக்கும் மேல் காத்தார். உடன் இருந்தவருள் ஒருவர் நோயில் கிடந்தார். ஏப்ரல் 21-ஆம் நாள் காலை, உணவைப் புதைத்து, அங்கே தோண்டுமாறு மரத்தில் செதுக்கிவிட்டுப் புறப்பட்டார். அன்று மாலையே பர்க், வில்ஸ், கிங் ஆகிய மூவரும் வந்து சேர்ந்தனர். நான்காமவர் நான்கு நாள்களுக்கு முன் இறந்திருந்தார். அவரை அடக்கம் செய்வதில் ஒரு நாள் கழிந்திருந்தது.

பிராகியைப் பழிப்பவர் உண்டு. எனக்கு அது நீதியாகத் தோன்றவில்லை. அவர் கொடுத்த சொல்லுக்கும் கூடுதலாகவே காத்தார். உண்மையில் அதைவிட நெஞ்சை வருத்துவது அடுத்து நிகழ்ந்தது. மூவரும் புதைத்த உணவை எடுத்துக்கொண்டு, தம் கடிதத்தை அக்குழியிலேயே வைத்து, மண்ணை முன்போலவே மூடினர். மரத்தில் புதிய குறி எதுவும் இடவில்லை. மே 8-ஆம் நாள் பிராகி மனம் கேளாது மற்றொருவருடன் திரும்பி வந்து பார்த்தார். எல்லாம் விட்டபடியே இருப்பதாகக் கண்டு, தோண்டாமலே போய்விட்டார். பர்க்கும் வில்ஸும் அவ்வோடைப் பகுதியிலேயே மடிந்தனர். கிங் ஒருவரை மட்டும் யந்துருவந்தா மக்கள் தம்மோடு வைத்து உணவளித்துக் காத்தனர்.

காத்திருப்பவர் நம்மை நினைவில் வைத்திருந்தால் மட்டும் போதாது. நம்மைத் தேடுவதற்குரிய குறியை நாமும் அவருக்கு விட்டுச் செல்ல வேண்டும். இது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. பயணம் போகிறவனுக்கு அது இன்பச் செலவு. வீட்டில் தொலைபேசியருகே அமர்ந்திருப்பவளுக்கு அது காவல். அக்காவலை அவள்மீது சுமத்துமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? பெரும்பாலும் கேட்பதில்லை, "போய்விட்டு வந்து பேசுகிறேன்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். தேடப் போகிறவர்களும் அதே மணலில், அதே வெயிலில்தான் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பதையும் நினைப்பதில்லை.

அக்குடும்பத்தாருக்கு நான் எழுதிய பதிலில் மூன்று வினாக்கள் இருந்தன. எந்த நாள், எந்த மணிக்குள் அழைப்பீர்கள்? அழைப்பு வராவிடில் யார், எத்தனை மணி நேரம் பொறுத்து, காவல்துறைக்குச் சொல்வார்? அவர் அதற்கு ஒப்பினாரா? கணவரின் தமக்கை அடிலெய்டில் இருக்கிறாராம். வழியையும் தங்குமிடங்களையும் எழுதி அவரிடம் கொடுத்துள்ளனர். ஞாயிறு இரவு எட்டு மணி என்று குறித்திருக்கிறார்கள். மறுநாள் காலை ஆறு மணி வரை பொறுத்து, பிறகு அவர் காவல்துறையை அழைப்பார்.

இன்னொன்றையும் எழுதினேன். அந்த ஏரி அரபானா மக்களுக்குப் புனிதமானது. 2012-இல் நீதிமன்றமும் அந்நிலத்தின்மீது அவர்களது தொல்லுரிமையை ஏற்றது. ஏரிப் படுகையில் எவரும் கால் வைக்கலாகாது என்பதே அவர்களது வேண்டுகோள். கரையில் நின்று பார்ப்பதே விருந்தினர்க்கு அழகு. மேலும், சிறு மழை பெய்தாலும் அங்குள்ள மண்சாலைகளை மூடிவிடுவார்கள். பல நாள் பயணம் செய்து மாரீ என்னும் ஊரோடு திரும்ப நேரலாம். பிள்ளைகள் அழுவார்கள், பெரியவர்களுக்கும் மனம் வராது. அப்படித் திரும்பினாலும், ஏரியைக் காணாத அந்த ஞாயிறன்றும், எட்டு மணிக்குள் தமக்கையை அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.