கண்டவனும் தொட்டவனும்

கண்டவன் எவனோ அவனே தொடுகிறான் என்ற அனுபவத்தைக் கொண்டு ஆத்மா உண்டென்று சாதிக்கப் புகுந்தவர் நியாய சூத்திரம் இயற்றிய கௌதமர். கண் உருவத்தை மட்டுமே அறியும். தோல் ஸ்பரிசத்தை மட்டுமே அறியும். ஒன்றின் விஷயம் மற்றொன்றுக்கு எட்டாது. அப்படியிருக்க, 'நான் பார்த்த குடத்தையே இப்போது தொடுகிறேன்' என்று நாம் தயக்கமின்றிச் சொல்கிறோமே, அந்த 'நான்' கண்ணுமன்று, தோலுமன்று, இரண்டையும் கருவியாகக் கொண்ட வேறொரு பொருள் என்பது அந்நூலின் மூன்றாம் அத்தியாயத் தொடக்கத்தில் வரும் வாதம். நம் மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடம்பை மாயையாலான யந்திரம் என்றே சொல்லிவிட்டு, அதனுள் ஆன்மா உண்டென்பதற்குக் காட்டிய காரணங்களுள் ஐம்புலன்களைப் பற்றியதையும் ஒன்றாக வைத்தார். இவ்வளவு உறுதியான இந்த வாதத்தை, ஆத்ம விசாரத்தில் சிறிதும் நாட்டமில்லாத யந்திர சாஸ்திரிகள் சிலர், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே அசைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெல்லன் சர்வகலாசாலையில், பேராசிரியை மனுவேலா வெலோஸோவின் ஆராய்ச்சிக் குழுவினர் 'கோபாட்' என்ற பெயரில் சில ஏவல் ரோபோக்களை அமைத்தார்கள். சக்கரங்களின்மேல் நிற்கும் ஒரு கம்பம், அதில் காமிராவும், தூரத்தை அளக்கும் கருவியும், ஒரு மடிக்கணினியும் உண்டு; கைகள் இல்லை. விருந்தினரை உரிய அறைக்கு அழைத்துச் செல்வதும், ஓரிடத்துப் பொருளை மற்றோரிடத்தில் சேர்ப்பதும் அவற்றின் தொழில். 2014-ஆம் ஆண்டு முடிவதற்குள் அவை தாழ்வாரங்களில் தாமாகவே 1,000 கிலோமீட்டருக்கு மேல் உலவிவிட்டன.

இவ்வகை ரோபோக்களுக்குக் கண்ணாடிக் கதவு பெரிய தர்மசங்கடம். லேசர் ஒளி கண்ணாடியை ஊடுருவிப் போய்விடுவதால், 'எதிரே வெட்டவெளி' என்று லேசரால் தூரத்தை அளக்கும் கருவி சாட்சி சொல்லும். காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பி அதன் எதிரொலியை அளக்கும் கருவியோ, 'எதிரே தடை' என்று சொல்லும். எந்தச் சாட்சி எந்த இடத்தில் எவ்வளவு பிழைபடும் என்பதை முன்னரே கணித்து வைத்து, அதற்கேற்ப ஒவ்வொன்றின் சொல்லையும் எடைபோட்டு ஒரே முடிவுக்கு வருகிறது யந்திரம். இப்படி எடைபோடும் முறைகளுள் புகழ்பெற்ற ஒன்றை ருடால்ஃப் கால்மன் 1960-இல் வெளியிட்டார். அதன் சந்ததிகள் இன்று ரோபோக்கள் பலவற்றினுள் குடியிருக்கின்றன. ஒரு கருவி கண்டதையும் மற்றொரு கருவி கேட்டதையும் ஒரே பொருளாக்குவதற்கு அங்கே கணக்கு ஒன்றே போதுமாயிருக்கிறது.

யந்திரத்துக்கு அப்படி, நமக்கு வேறு என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. எர்ன்ஸ்ட், பேங்க்ஸ் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு மேட்டின் உயரத்தை மனிதர்கள் கண்ணாலும் கையாலும் ஒருங்கே மதிப்பிட்டார்கள். கண்ணுக்குத் தெரிவது மங்க மங்க, அவர்கள் கையின் சாட்சியத்தையே மிகுதியாக நம்பினார்கள். நம்பிய விகிதமும் கணக்குச் சொல்லும் விகிதத்தை ஒட்டியே இருந்தது. இந்தக் கட்டத்தில் பௌத்தர் ஒருவர் எழுந்து, அச்சும் சக்கரமும் நுகமும் சேர்ந்ததற்கே தேர் என்று பெயர் என மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் உணர்த்தியதை நினைவூட்டி, 'உங்கள் கோபாட் கண் முளைத்த தேர்தானே?' என்று கேட்டாரானால், இந்த ஒரு வாதத்தில் அவருக்கு வெற்றியைக் கொடுத்துவிடுவதே நேர்மை என்பேன்.

ஆனால் அதே அத்தியாயத்தில் சற்றுத் தள்ளிக் கௌதமர் வேறொன்றும் சொல்கிறார்: ஓர் இந்திரியம் அறிய, மற்றோர் இந்திரியம் விகாரமடைகிறது. புளிப்பான பழத்தைக் கண் காண்கிறது. நீர் ஊறுவதோ நாவில்! மாங்காய்க் கீற்றையும் உப்பையும் நினைத்தாலே நடப்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதையும் கண்ணுக்கும் நாவுக்கும் உள்ள தொடர்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் யந்திரம் மறுபடியும் வென்றுவிடும்; ஒரு குழாயைப் பொருத்தி, படத்தைக் கண்டதும் நீர் சொட்டச் செய்வது எளிய காரியம். ஆயினும் முன்பு சுவைத்தவனுக்கு மீண்டும் சுவைக்க வேண்டுமென்று எழும் ஆசையின் அடையாளமாக அல்லவா நம் நாவில் நீர் ஊறுகிறது? குழாயில் சொட்டும் நீர் யாருடைய ஆசை? ஆத்மாவின் அடையாளங்களாக இச்சை, துவேஷம், பிரயத்தனம், சுகம், துக்கம், ஞானம் என்று ஆறைக் கௌதமர் எண்ணியபோது, ஞானம் அவற்றுள் ஒன்றாகவே நின்றது. ஆராய்ச்சிச் சாலைகள் இதுவரை செய்துகாட்டியிருப்பதும் அந்த ஒன்றின் சாயலைத்தான்.

கை இல்லாத கோபாட்டால் லிப்டின் பொத்தானை அழுத்த முடியாது. ஆகவே அங்கே நின்று, வருகிறவரிடம் உதவி கேட்டு, அவர் அழுத்தும்வரை காத்திருக்கும்படி அதை வகுத்திருக்கிறார்கள். இயலாததைக் கேட்டுப் பெறும் அந்த அடக்கம், நம்மிற் பலருக்கு வாராத குணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவரும் வாராத வேளையில் அது எவ்வளவு நேரம் நின்றாலும் அந்த நேரம் அதற்கு நீளுவதில்லை. வந்தவர் பொத்தானை அழுத்தியபோது அது மகிழ்வதுமில்லை.

ஆகையால் ஆத்மசித்தி பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: குடத்தைக் கண்டவனையும் தொட்டவனையும் சிறிது காலம் ஓய்வெடுக்க விட்டு, பாடத்தைப் புளிப்புப் பழத்திலிருந்து தொடங்குங்கள்.