எண்ணிக்கை கூடவில்லையே!

இல்லறத்தார்க்கு ஓதப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் ஈற்றில் நிற்பது மிகுபொருள் விரும்பாமை. கொல்லாமையைப் போற்றுவதில் நம்மவர் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். இரவுணவு நீக்கமும் பல இல்லங்களில் இன்றும் வழுவாது நடைபெறுகின்றது. ஆனால் இவ்வைந்தாம் விரதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், உரையாடல் விரைவில் வேறு திசைக்குத் திரும்பிவிடுகின்றது.

விழுப்புரத்தில் நெல் வாணிகம் செய்யும் உறவினர் ஒருவர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பினார். அவரிடம் 2014இல் பதிவு செய்யப்பெற்ற ஸ்கார்ப்பியோ வண்டி உள்ளது. திண்டிவனத்தில் வாழும் பெற்றோரை ஏற்றிக்கொண்டு மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவிற்குச் சென்றுவர அது இன்றளவும் குறை வைத்ததில்லை. பதிவுக்காலமாகிய 15 ஆண்டுகள் 2029இல்தான் நிறைவுறும். எனினும் 2022இல் வெளிவந்த ஸ்கார்ப்பியோ-என் மீது அவர் மகனுக்கு நாட்டம், தந்தைக்கும் இல்லாமலில்லை. "பழையதைக் கொடுத்துவிட்டுத்தானே புதியதை வாங்குகிறோம்? அன்றும் ஒன்று, இன்றும் ஒன்று. எண்ணிக்கை கூடவில்லையே, விரதம் எங்ஙனம் கெடும்?" என்றார்.

எளிதில் தள்ளத்தக்க வினாவன்று இது.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். முதலாவது அதிவாகனம்; தேவைக்கு மேல் ஊர்திகளைக் கொள்ளுதல். ஆசை மிகுதியால் எருதுகளை அவற்றின் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல் என்று பொருள் கொள்வாரும் உளர். அளவிறந்து சேர்த்தல், வியப்பு, பேராசை, மிகுபாரம் ஏற்றுதல் என்பன ஏனைய நான்கு. எண்ணிக்கையைக் காட்டி நம் உறவினர் முதற் குற்றத்தினின்று தப்பலாம். மூன்றாவதினின்று தப்புவது அரிது. பிறர் வளத்தைக் கண்டு வியத்தல் ஒரு குற்றமாகுமா, அது கண்ணின் இயல்புதானே என்று நானும் முன்பு எண்ணியதுண்டு. வியப்பு நம் தேவையை அயலார் வாசலில் வைத்து அளக்கச் செய்கின்றது. வரைந்த எல்லை அங்கேயே அழிகின்றது. மூர்ச்சையே பரிக்கிரகம் என்பது உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்த இலக்கணம். மூர்ச்சையை எண்ணிக்கையால் அளப்பது எப்படி?

ஆகவே நான் அவரிடம் ஒன்றே கேட்டேன்: "உங்கள் வண்டி என்றைக்குப் பழையதாயிற்று?" சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, திண்டிவனத்தில் நடந்த புதுமனை புகுவிழாவிற்குச் சம்பந்தி தம் புதிய வண்டியில் வந்திறங்கிய நாளைச் சொன்னார். அன்று காலை வரை அது நல்ல வண்டியாகவே இருந்ததாம்!

அவர்தம் தந்தையாருக்கு மூட்டுவலி; உயரமான படியில் கால்வைத்து ஏற இயலவில்லை. தாழ்வான வண்டி ஒன்றை நாடியிருந்தால் அது தேவை, நான் மறுத்திருக்கமாட்டேன். ஆனால் மகன் விரும்பியதும் உயரமான வண்டியே.

காலவரையறையோடு கொள்ளும் விலக்கை நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்கும் கொள்வதை யமம் என்றும் அந்நூலே பிரிக்கின்றது; நியமத்திற்குரிய பொருள்களுள் வாகனத்தையும் பெயர் சுட்டிச் சொல்கின்றது. உறவினர் யமத்திற்கு இசையவில்லை. சாதுர்மாஸம் முடியும்வரை ஷோரூம் வாசலை மிதிப்பதில்லை என்று நியமம் ஏற்றார். மகன் முகம் சுளித்தே உடன்பட்டான்.

சாதுர்மாஸம் இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் தந்தையார் ஏறுவதற்கென்று தச்சரிடம் சிறு மரப்படி ஒன்று செய்வித்து, வண்டியின் பின்புறத்தில் வைத்திருக்கின்றனர்.