கண்டுபிடித்ததற்குக் கூலி

லஸ் கார்னரில் சிவப்பு விழுந்ததும் பக்கத்து வண்டிகளைக் கவனியுங்கள். கொஞ்சம் வயசான டூவீலர் ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் சொந்தக்காரர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே நிற்பார். கையை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். பச்சை விழுந்து வேகம் பிடித்துவிட்டால் ராஜா மாதிரி போகும். அடுத்த சிக்னலில் மறுபடி இருமல், திக்கல், மரணம்.

எந்த மெக்கானிக்கும் பார்க்காமலே சொல்லிவிடுவார்: "கார்புரேட்டர்ல அடைப்பு சார்."

கார்புரேட்டர் ஒரு சமையல்காரர். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று என்று கலந்து எஞ்சினுக்குப் பரிமாறுவது அதன் வேலை. குறுகலான கழுத்து வழியே காற்று விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் மெல்லிய துளைகள் வழியே மேலே இழுபடும். வேகமாகப் போக மெயின் ஜெட். சும்மா நிற்கும்போது உயிரைப் பிடித்து வைக்க பைலட் ஜெட். பின்னதன் துளை பல வண்டிகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால், பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசினே அதை அடைத்துவிடும். அதனால்தான் ஓடும்போது ஒழுங்கு, நிற்கும்போது தகராறு.

இனி மெக்கானிக்குக்கு மூன்று வழிகள்.

முதல் வழி, ஐடிலிங் ஸ்க்ரூவை அரைத் திருகு திருகுவது. ஒரு நிமிஷ வேலை. நிற்கும்போதே எஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடும், அணையாது. அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். "ஐம்பது குடுங்க சார்!"

இரண்டாவது, "கார்புரேட்டர் போச்சு சார், புதுசு போட்டுடலாம்." ஜி.பி. ரோட்டில் வாங்கி மாட்டினால் இரண்டாயிரத்தில் காரியம் முடிந்தது. தூக்கிப்போட்ட பழசில் ஒரு துளை அழுக்கைத் தவிர வேறு குறையே இல்லை.

மூன்றாவது, ஆராய்வது. முதலில் ப்ளக்கைக் கழற்றுவார். நுனி காப்பிப்பொடி நிறம் என்றால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டரைப் பார்ப்பார். சோக்கை இழுத்ததும் எஞ்சின் சமாதானமானால் பெட்ரோல் பற்றாக்குறை என்று புரிந்துகொள்வார். அப்போதும் கார்புரேட்டர் மீது பழி போட்டுவிட மாட்டார். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தாலும் இதே குணம்தான் காட்டும். அதையும் பார்த்துவிட்டுத்தான் ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, க்ளீனர் அடித்து, காற்றால் ஊதுவார். கம்பியால் குத்த மாட்டார். பித்தளைத் துளை அகன்றுவிட்டால் வண்டி பெட்ரோலாகக் குடிக்கும். கடைசியில் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். உள்ளே துரு இருந்தால், இன்று சுத்தம் செய்த ஜெட் சீக்கிரமே மறுபடி அடைத்துக்கொள்ளும்.

ஒன்றரை மணி நேரம். மாற்றிய பார்ட்ஸ் பூஜ்யம். முந்நூற்றைம்பது கேட்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? "என்னப்பா, வெறும் க்ளீனிங்குக்கு இவ்வளவா?"

அடையாறில் ஒரு மெக்கானிக் என்னிடமே கேட்டார்: "க்ளீன் பண்ணிக் குடுத்தா முந்நூறுக்குச் சண்டை போடறாங்க. புதுசு மாட்டினா ரெண்டாயிரம் குடுத்துட்டு தேங்க்ஸும் சொல்றாங்க. நான் என்னதான் சார் பண்ணட்டும்?"

நான் பி.காம். படித்தவன். பில்லைப் பார்த்தால் வரி வரியாகப் படிக்கிற வியாதி உண்டு. பார்ட்ஸுக்கு ஒரு வரி, ஆயிலுக்கு ஒரு வரி, லேபருக்கு ஒரு வரி. 'எதனால் என்று கண்டுபிடித்ததற்கு' என்று நம் தெரு ஒர்க்‌ஷாப் பில்லில் ஒரு வரி பார்த்ததில்லை. புதுப் பொருளுக்கு அட்டைப்பெட்டி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. மூளைக்கு அட்டைப்பெட்டி கிடையாது. பொய்க்கு லாபமும் உண்மைக்கு நஷ்டமும் வைத்து ஒரு சந்தையை நடத்துகிறோம். பிறகு 'எல்லாருமே ஃப்ராடு சார்' என்று அங்கலாய்க்கிறோம்.

அதற்காக மெக்கானிக்கை விட்டுவிடலாமா? முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அடையாறு ஆறு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. நிறுத்திவைத்த வண்டிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் விவரம் தெரிந்தவர்கள் சொன்ன முதல் எச்சரிக்கை, 'ஸ்டார்ட் பண்ணாதே!' சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். அது டேங்க்கின் அடியிலும் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலும் போய் உட்காரும். அதை வடித்து, ஆயில் மாற்றிக் காயவைத்தாலே உயிர்பிழைக்கக்கூடிய வண்டிகள் உண்டு. எஞ்சினையே இறக்க வேண்டியவையும் உண்டு. எது எதுவென்று தெரிந்தவர் மெக்கானிக் மட்டுமே. வீட்டையே பறிகொடுத்து நிற்பவரிடம் அவர் எதைச் சொன்னாலும் அது வேதவாக்கு. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த இடத்தில்தான் நேர்மைக்குப் பரீட்சை. 'சந்தை அப்படி' என்பது பொய்க்கு விளக்கம்தான், மன்னிப்பு அல்ல.

அப்படியானால் எப்போதும் அடிவேர் வரை தோண்டுவதுதான் தர்மமா? அங்கேயும் ஒரு சிக்கல். மாத்யூ க்ராஃபோர்ட் என்ற அமெரிக்கர் அரசியல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆய்வு நிறுவன வேலையை உதறிவிட்டு மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஆனார். 2009-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு பழைய ஹோண்டாவைப் பற்றி எழுதுகிறார். கோளாறைத் துரத்தும் ஆர்வத்தில் நேரம் போனதே தெரியவில்லை. பில் போடும்போது தவிக்கிறார். வண்டிக்கு உண்மையாக இருப்பதா, வண்டிக்காரரின் பர்ஸுக்கா? டேங்க்கைக் கழற்றித் துரு நீக்க ஆயிரக்கணக்கில் ஆகும் என்றால், ஸ்விக்கி ஓட்டும் பையனுக்கு இன்றைய தேவை அந்த அரைத் திருகாகவே இருக்கலாம்.

இதற்கு என் காமர்ஸ் வாத்தியாரிடம் விடை இருக்கிறது. ட்ரயல் பேலன்ஸ் இடிக்கும்போது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடச் சொல்லித்தந்தார். அது பொய்க்கணக்கு இல்லையா? இல்லை. ஏனென்றால் 'சஸ்பென்ஸ்' என்று பெயர் எழுதியிருக்கிறது. தப்பு இன்னும் கிடைக்கவில்லை என்று அது ஊரறியச் சொல்கிறது. அதையே செலவுக் கணக்கில் ஒளித்தால்தான் மோசடி. ஸ்க்ரூ திருகுவதும் அப்படித்தான். "இப்போதைக்கு ஓடும் தம்பி, அடைப்பு அப்படியேதான் இருக்கு. காசு சேர்ந்ததும் வா" என்று சொல்லித் திருகினால் அது உதவி. "ரெடி பண்ணிட்டேன்" என்று சொல்லித் திருகினால் அது திருட்டு. திருகு ஒன்றுதான், சொல்தான் வேறு.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கோளாறை இப்போது கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டுகிறது. எங்கே என்று காட்டும். ஏன் என்பதை இன்னமும் ஒரு மனிதர்தான் தேட வேண்டும். டாக்டரிடமும் ஆடிட்டரிடமும் அதே கதைதான்.

மெக்கானிக் கேட்ட கேள்விக்கு நம் பங்கு பதில் ரொம்பச் சின்னது. அடுத்த முறை "எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "எதனால?" என்று கேளுங்கள். பொறுமையாகக் காரணம் சொன்னார் என்றால், அந்த முந்நூற்றைம்பதில் பேரம் பேசாதீர்கள்.