பாறையில் போட்ட கையெழுத்து

ஜித்தாவுக்கு 550 ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற 'மெதினா' கப்பல், செங்கடலில் பார்க்கின் பாறையில் மோதிச் சேதமடைந்தது. அங்கே வந்தது 'டிமோர்' என்ற கப்பல். பயணிகளை ஜித்தாவில் கொண்டுபோய்ச் சேர்க்க 4,000 பவுன் வேண்டும், குறைத்தால் ஒருவரையும் ஏற்ற மாட்டேன் என்றார் அதன் கேப்டன். மெதினாவின் கேப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேறு என்ன செய்திருப்பார்?

வழக்கு இங்கிலாந்தின் கடல்வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1876இல் நீதிபதி சர் ராபர்ட் ஃபில்லிமோர் அந்த ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்து, 1,800 பவுன் கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பே நின்றது.

கொடுத்த வாக்கை நீதிமன்றமே மீறச் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் மறுத்தால் 550 பேரின் கதி என்ன என்பது தெரிந்தே கேட்ட விலை அது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிற கணக்கை ஒப்பந்தம் என்று ஏற்க முடியாது. அதே சமயம், காப்பாற்றியவரை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. வழியை விட்டு விலகி, சொந்தக் கப்பலையும் ஆபத்துக்கு உட்படுத்தி வருகிறவருக்குத் தாராளமாகவே தர வேண்டும். கேள்வி, அந்தத் தொகையை யார் முடிவு செய்வது என்பதுதான்.

புளோரிடாவின் கீ வெஸ்ட் இதற்கு ஒரு வழி கண்டிருந்தது. அங்கே பவளத் திட்டுகளில் தட்டிய கப்பல்களின் சரக்கை மீட்பது ஒரு காலத்தில் ஊரின் பெருந்தொழிலாக இருந்தது. முதலில் போய்ச் சேர்ந்த படகின் கேப்டனே மீட்பு வேலைக்குத் தலைவர். தண்ணீர் புகுந்த அடித்தளத்தில் மூழ்கி, ஊறிக் கனத்த பஞ்சுப் பொதிகளைத் தூக்குவார்கள். 1828 முதல் மீட்டவர்களின் பங்கை ஊரிலிருந்த நீதிமன்றம் தீர்மானித்தது. 1847க்குப் பின் நீதிபதியின் உரிமம் இல்லாமல் அந்தத் தொழிலே செய்ய முடியாமல் போனது. தவித்து நிற்கும் கப்பலின் மேல்தளத்தில் பேரம் முடிந்துவிடாமல், பாடுபட்டதற்கு ஏற்ற கூலி கரையில் முடிவானது. இதுவே நேர்மையான முறை.

உயிர் விஷயத்தில்தான் சட்டம் தடுமாறியது. 1854ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம், பொருளை மீட்டவர்களுக்கு முன்பாக உயிரைக் காத்தவர்களுக்குத் தர வேண்டும் என்றது. ஆனால் 1883இல் 'ரென்போர்' வழக்கில், கப்பல் முழுதும் மூழ்கிப் பொருள் எதுவும் மிஞ்சாததால், மாலுமிகளைக் காப்பாற்றியவர்கள் வெகுமதி கேட்க முடியாது என்று தீர்ப்பானது. அரசு விரும்பினால் ஒரு நிதியிலிருந்து ஏதாவது கொடுக்கலாம், அவ்வளவுதான். மாலுமிகள் உயிரோடு கரையேறியிருக்க, அவர்களைக் காத்ததற்கான கூலி சரக்கின் கதியைப் பொறுத்தது என்பது கொடுமை. அந்த நிதியிலிருந்து பெறுவதை அன்றே காத்தவர்களின் உரிமையாக்கியிருக்க வேண்டும்.