கைகலப்பும் கைங்கர்யமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆஸ்திக அன்பர்களே! உத்ஸவத்தை ஸேவிக்க நெடுந்தூரம் கடந்து வந்துள்ள தங்கள் முன்னிலையில் ஒரு வினாவை விண்ணப்பிக்க விழைகிறேன். ஓரிடத்தில் உடன் பணிபுரியும் இருவர், அவ்விடத்தின் வாசலைக் கடந்தபின் தெருவில் நின்று ஒருவரையொருவர் அடித்துக்கொள்கின்றனர். கேட்டால், “வேலை நேரமும் அன்று, வேலை செய்யும் இடமும் அன்று, இது எங்கள் சொந்த விவகாரம்” என்கின்றனர். இவ்வாதம் தர்மத்துக்கு ஒக்குமா?

இவ்வினா அடியேன் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியால் எழுந்தது. சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் அடியேன் அர்ச்சகனாக இருந்த ஒரு ஸந்நிதியில், ஸ்ரீபாதந்தாங்கிகளில் இருவர் ஒரே தண்டின் கீழ் ஜோடியாகத் தோள் கொடுத்து வந்தனர். வாஹனம் சுமப்பதில் உயரம் ஒத்தவர்களையே ஜோடி சேர்ப்பது வழக்கம். ஒருவர் அடியெடுத்து வைக்கும் கணத்திலேயே மற்றவரும் வைத்தாக வேண்டும். அவ்விருவரும் பல ஆண்டுகள் அப்படியே நடந்து பழகியவர்கள்.

ஒரு நாள் இரவு புறப்பாடு முடிந்து, ஸந்நிதி வீதிக்கு அப்பாலுள்ள தேநீர்க் கடையில், ஸம்பாவனைப் பங்கைக் குறித்து அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. தொகை மிகச் சிறியது. ஆயினும் பேச்சு தொகையை விட்டுத் தகப்பனாரைத் தொட்டது. ஒருவர் மற்றவரை ஓங்கி அடித்துத் தள்ளினார். கல் படியில் விழுந்தவருக்கு வலத் தோள் எலும்பு முறிந்தது.

“கோவிலுக்கு வெளியே நடந்தது, நமக்கு எதற்கு?” என்று பெரியவர்கள் வாளாவிருந்தனர். மூன்றாம் நாள் கருட ஸேவை. அடிபட்டவர் இடத்தில் உயரம் குறைந்த ஒருவர் நின்றார். மற்றத் தாங்கிகளோ அதற்குள் இரண்டு கட்சியாகிவிட்டனர். ஒரு கட்சியார் சொல்லும் குரலுக்கு மறு கட்சியார் அடி வைக்கவில்லை. வீதி முனையில் திரும்புகையில் வாஹனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாஹனத்தின்மீது நின்று எம்பெருமானைப் பற்றியிருந்த அடியேனுடைய கைகள் நடுங்கிய நடுக்கத்தை இன்றும் மறக்கவில்லை. கடைவாசலில் விழுந்த அடி, மூன்றாம் நாள் பெருமாளுடைய திருவீதியில் வந்து பலித்தது.

உலக நீதியும் இவ்வினாவை ஆராய்ந்திருக்கிறது. 1975-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், உடன் பணிபுரிபவரை ஆலைக்கு வெளியே தாக்கியது குற்றமாகுமா என்ற கேள்வி எழுந்தது. ஆலையின் நிலையாணையிலோ, வளாகத்துக்குள் ஒழுங்கைக் குலைக்கும் செயலே குற்றமெனக் கண்டிருந்தது. அச்சொல் செயல் நிகழ்ந்த இடத்தைக் குறிப்பதன்று, அச்செயலின் விளைவு வெளிப்படும் இடத்தையே குறிப்பது என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. 1983-இல், வேறு விதமாக அமைந்த நிலையாணையை ஆராய்ந்தபோது, வெளியே நிகழும் ஒவ்வொரு சச்சரவையும் முதலாளி தண்டிக்கப் புகுதல் ஆகாதென்று அதே நீதிமன்றம் வரம்பும் வகுத்தது. இவ்வரம்பு நியாயமானதே. ஆனால் இது தண்டிப்பவனுக்கு இட்ட வரம்பு. அடித்தவனுடைய மனஸ்ஸாக்ஷிக்கு இட்டதன்று. மேலதிகாரி கேட்க முடியாதென்பதனால், செய்தது தகுமென்று ஆகிவிடாது.

ஸ்ரீமத் ராமாயணத்திலும் இத்தகைய கைகலப்பு ஒன்று உண்டு. பிராட்டியைக் கண்டு வந்த மகிழ்ச்சியில் வானர வீரர்கள் ஸுக்ரீவனுடைய மதுவனத்தில் புகுந்து தேனைப் பருகி வனத்தை அழித்தனர். தடுக்க வந்த காவலர்களை அடித்தனர். வனத்தைக் காத்துவந்த ததிமுகன் ஸுக்ரீவனுடைய மாமன், வயதில் மூத்தவன். அங்கதன் அவனையும் தரையில் வீழ்த்தினான். இரு திறத்தாரும் ஓர் அரசனுக்கே ஊழியம் செய்பவர்கள். செய்தி கேட்ட ஸுக்ரீவன், காரியம் பலித்ததனாலேயே இவ்வளவு துணிந்தனர் என்று ஊகித்துப் பொறுத்தருளினான்.

இதைக் கொண்டு, “திறமையாக வேலை செய்பவன் அடித்தால் குற்றமில்லை” என்று வாதிப்பாரும் உளர். அது சரியன்று. அரசன் பொறுத்ததனால் ததிமுகனுடைய நோவு நீங்கிவிடவில்லை. மதம் தெளிந்திருந்த வீரர்களிடம் திரும்பி வந்து, அறியாமல் தடுத்ததைப் பொறுக்க வேண்டுமென்று அங்கதனிடம் கைகூப்பியவன் அடிபட்ட அம்முதியவனே. அவன் தன் பெருமையை விட்டுக்கொடுத்ததனால் ராம காரியம் தடையின்றி நடந்தது. அடித்தவர்கள் செய்திருக்க வேண்டியதை அடிபட்டவன் செய்தான் என்பதை அடித்தவர்கள் அன்றோ எண்ணிப்பார்க்க வேண்டும்!

நம் ஸம்ப்ரதாயத்தில் பகவதபசாரத்தைக் காட்டிலும் பாகவதாபசாரம் கொடிதென்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் அறுதியிட்டார். பாகவதன் கோவிலுக்குள் நிற்கும்போது மட்டும் பாகவதன் அல்லன். தேநீர்க் கடையில் நிற்கும்போதும் அவன் பாகவதனே. ஆகையால் அபசாரத்துக்கு வாசற்கணக்கு இல்லை.

பிள்ளைப் பிள்ளையாழ்வான் என்பவர் அடியார்களை அவமதிக்கும் இயல்புடையவராக இருந்தார். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் அபசாரம் செய்வதை விட்டொழிப்பதையே தமக்குத் தானமாகத் தரும்படி கூரத்தாழ்வான் அவரிடம் வேண்டிப் பெற்றார். பின்னொரு நாள் அவர் மனத்தால் பிழைத்துவிட்டு, வெளியே வர அஞ்சி இல்லத்திலேயே கிடந்தார். ஆழ்வான் தாமே சென்று தேற்றினார். மனத்தால் செய்ததை, அநுதாபம் பிறந்தால் எம்பெருமான் பொறுப்பன். உடலால் செய்வதற்கோ அரச தண்டனை அஞ்சுவிக்கும். ஆகவே நாவை அடக்கினால் போதும் என்பது அவருடைய உபதேசத்தின் கருத்து. எத்தனை நுட்பமான அறிவுரை! அன்று கடைவாசலில் கை ஓங்குவதற்கு முன் நாக்கு ஓங்கிற்று. தகப்பனாரைப் பற்றிய அந்த ஒரு சொல் பிறவாதிருந்தால் தோள் முறிந்திராது.

சரி, அபசாரம் நேர்ந்துவிட்டது, பரிகாரம் யாது? அடித்தவர் சில நாட்களுக்குப் பின் ஸந்நிதிக்கு வந்து, “என் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யுங்கள், ஸ்வாமி” என்றார். அடியேனும் அர்ச்சனை செய்து தீர்த்தம் ஸாதித்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. அது அடியேனுடைய குற்றம். அருகில் நின்ற முதிய அத்யாபகர் ஒருவரே சொன்னார்: “அப்பா, துர்வாஸர் ப்ரஹ்ம லோகத்துக்கு ஓடினார், கைலாஸத்துக்கு ஓடினார், வைகுண்டத்துக்கும் ஓடினார். அம்பரீஷனிடமே போ என்று பெருமாள் திருப்பி அனுப்பிவிட்டார். நீ போக வேண்டிய இடம் அடுத்த தெருவில் இருக்கிறது.” காயம் விளைவித்த வழக்கில் ஸமாதானம் செய்துகொள்ளும் உரிமையைச் சட்டமும் அடிபட்டவரிடமே வைத்திருக்கிறது, காயம் கொடியதாயின் நீதிமன்றத்தின் அநுமதியும் வேண்டும், அவ்வளவே.

அவர் போனார். முதல் நாள் கதவு திறக்கவில்லை. மறுநாளும் போனார். சில நாட்கள் கழித்து, அடிபட்டவருடைய தாயார் கதவைத் திறந்து உள்ளே அழைத்தார். ஸமாதானம் உண்டாயிற்று. ஆனால் முறிந்த தோள் பழைய வலுவைப் பெறவில்லை. அதற்குப்பின் அவர் தண்டுக்குத் தோள் கொடுக்க இயலாமல், இடக்கையில் தீவட்டி ஏந்தி வாஹனத்தின் முன் நடந்தார். அவருடைய பழைய ஜோடி, அந்தத் தீவட்டியைப் பார்த்தே அடி வைத்துப் பின்னால் வந்தார். க்ஷமை அபராதத்தைப் போக்கும். செயலின் பலன் முழுவதையும் போக்காது என்பதை அடியேன் அவ்வீதியில் கற்றேன்.

அன்பர்களே! தாங்கள் ஆலையிலோ, அலுவலகத்திலோ, வயலிலோ பிறரோடு தோள் சேர்த்துச் சுமை சுமப்பவர்கள். எவரோடேனும் பிணக்கு இருக்குமாயின், இங்கே பெருமாளை ஸேவித்ததோடு அமையாமல், ஊர் திரும்பியதும் முதலில் அவருடைய இல்லத்து வாசலுக்குச் செல்லுங்கள். உத்ஸவ பலன் அங்கேயே பூர்த்தியாகும். அதற்கான மனத் திண்மையை எம்பெருமான் தங்களுக்கும் அடியேனுக்கும் அருள வேண்டுமென்று அவன் திருவடிகளில் ப்ரார்த்தித்து அமைகிறேன்.

சுபமஸ்து.
அடியேன் தாஸன்