குரலும் உரிமையும்

எவன் குரல் ஓங்குகிறதோ அவன் பக்கமே நியாயம் இருக்கிறதென்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கடைத்தெருவில், அஞ்சடியில் சாமான் பரப்புவதைப் பற்றித் தகராறு வந்தால், முதலில் கத்தியவனுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. சத்தம் போட நாணுபவன் தன் மூட்டையை உள்ளே இழுத்துக்கொள்கிறான். இது நியாயந்தானா? இதைச் சிந்திப்பதற்கு, அற்பமென்று நாம் எண்ணும் பூச்சிகளைச் சற்றே கவனிப்போம்.

செனாயில் அந்தி மயங்கும் வேளையில் மரங்களின் பக்கமிருந்து இரைச்சல் எழுவதை யாவரும் அறிவர். மலாய்க்காரர் ரியாங் ரியாங் என்றழைக்கும் மரச் சில்வண்டு, தன் வயிற்றின் இருபுறமும் உள்ள விறைப்பான சவ்வை அதிரச் செய்து ஒலிக்கிறது. சுவர்க்கோழி முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசுகிறது. வெட்டுக்கிளிகளில் பல, பின்னங்காலைச் சிறகின்மேல் தேய்க்கின்றன. சுவர்க்கோழிக்குக் காது முன்னங்காலில், வெட்டுக்கிளிக்கோ வயிற்றோரத்தில்! பாடுவது பெரும்பாலும் ஆண் பூச்சியே.

சுவர்க்கோழியின் பாட்டு ஒரே விதமானதன்று. தூரத்துப் பெண்ணை அழைக்க ஒன்று. அருகில் வந்தவளிடம் மெதுவாக ஒன்று. தன் வளைக்கருகே வந்த வேறொரு ஆணை விரட்ட ஒன்று. குரலே அதற்கு வேலி. குரலுக்கு அடங்காதவன் வந்தால் மீசையால் மோதும். பிறகு தாடையை விரித்துக் காட்டும். அதற்குப் பின்னரே கட்டிப் புரளும். பெரும்பாலும் காயமின்றியே சண்டை முடிகிறது. வென்றது பாடுகிறது; தோற்றது வாய்மூடி அகல்கிறது. சீன தேசத்தார் இதை வைத்துப் பல நூற்றாண்டுகளாகப் பந்தயம் கட்டி வந்தனர்.

அப்படியானால் குரல் எப்போதும் உண்மை சொல்கிறதா? இல்லை. தென்னிந்தியாவில் ஒருவகை மரச் சுவர்க்கோழி, இலையில் துளை கடித்து அதில் சிறகைப் பொருத்திப் பாடுகிறது. இலை ஒலிபெருக்கியாகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, உருவில் சிறியவையும் குரல் குன்றியவையுமே இந்த உபாயத்தை அதிகம் கையாளுகின்றன. ஹவாயிலுள்ள கவாய்த் தீவிலோ, பாட்டைக் கேட்டு வந்து சுவர்க்கோழியின்மேல் புழுவை விடும் ஈ ஒன்று உண்டு. அங்கே 20 தலைமுறைகளுக்குள் ஆண்களில் மிகப் பெரும்பாலானவை சிறகின் அமைப்பு மாறி ஊமையாகிவிட்டன என்று 2006-ல் அறிவித்தார்கள். அவை, அப்போது இன்னும் பாடிக்கொண்டிருந்த சிலவற்றின் அருகே பதுங்கி, அந்தப் பாட்டுக்கு வரும் பெண்களை எதிர்பார்த்திருந்தன. ஆக, பெருங்குரல் பெரிய உடலுக்குச் சாட்சியமன்று. மௌனம் இல்லாமைக்கும் சாட்சியமன்று.

பூச்சியின்மேல் குற்றமில்லை. அதற்குத் தராசு கிடையாது. குரலை அளப்பதன்றி உரிமையை அளக்க அதற்கு வழியில்லை. மனிதனுக்கோ முழக்கோல் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, கேட்கும் நீதி இருக்கிறது. கைகலப்புக்கு முன் வாயால் எச்சரிப்பது நல்லதே. அவ்வளவை நாம் பூச்சியிடம் கற்கலாம். ஆனால் தோற்றவன் மௌனமானதும் அவன் உரிமையும் மறைந்ததென்று கொள்வது பூச்சியின் சட்டம். அதை நம் சபைகளுக்குள் கொண்டுவரலாகாது.

ஆகவே நம் பஞ்சாயத்துகளில் உரத்துப் பேசியவரைக் கேட்டபின், மூலையில் பேசாதிருப்பவரையும் அழைத்து, "உங்கள் வழக்கென்ன?" என்று கேட்போமாக. அவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பதும் நீதியைச் சேர்ந்ததே.